சார்லட் லூகஸ் பணத்துக்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டாளா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கும் புரியும். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ உங்களுக்குப் பாடம். கைக்குக் கிடைத்த நோட்ஸ் எல்லாவற்றிலும் சார்லட் லூகஸைப் பற்றி ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறது: காதல் இல்லாமல் வசதிக்காகக் காலின்ஸ் என்ற அசட்டுப் பாதிரியாரைக் கட்டிக்கொண்டவள், அவளுடைய தோழியும் கதாநாயகியுமான எலிசபெத்துக்கு எதிர்நிலைப் பாத்திரம், காதலித்துச் செய்யும் கல்யாணமே உயர்ந்தது என்று காட்ட வந்தவள். ஆனால் நாவலைப் படித்தபோது உங்களுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, கொஞ்சம் மரியாதைகூட வந்தது. நான் தப்பாகப் படிக்கிறேனா, ஒரு பாத்திரத்தை நோட்ஸ் துணையில்லாமல் எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நோட்ஸ் எழுதியவர்கள் எலிசபெத் சொன்னதை ஆஸ்டின் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள், சிக்கலே அதில்தான். எலிசபெத் புத்திசாலி, பேச்சில் சுறுசுறுப்பு, படிப்பவர் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிடும், அதனால் அவள் ஒருவரைப் பற்றி என்ன நினைக்கிறாளோ அதையே நாமும் நினைக்கத் தொடங்குகிறோம். ஆனால் இந்த நாவலின் பாதிக் கதை எலிசபெத் மனிதர்களைத் தப்பாக எடைபோட்டதைப் பற்றியது. பின்னால் அவள் கட்டிக்கொள்ளப்போகும் பணக்காரன் டார்சி விஷயத்தில் தப்பு, இனிக்கப் பேசி மயக்கிய ராணுவ அதிகாரி விக்கம் விஷயத்தில் தப்பு. அப்படிப்பட்டவள் சார்லட் விஷயத்தில் மட்டும் முழுக்கச் சரியாக இருந்திருப்பாள் என்று நாம் ஏன் நம்ப வேண்டும்?

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆஸ்டின் நாவல்களில் யாருக்கு எவ்வளவு வருமானம் என்பது அலங்காரத்துக்காகச் சொல்லப்படுவதில்லை, அதைத் தவிர்த்துவிட்டுப் பாத்திரத்தைப் பேசவே முடியாது. எலிசபெத்தின் அப்பாவுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்ட் வருமானம். ஆனால் அவருடைய லாங்போர்ன் சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்று எழுதி வைக்கப்பட்டது, ஆண் பிள்ளை இல்லாததால் அது உறவினரான காலின்ஸுக்குப் போய்விடும். திருமண ஒப்பந்தப்படி அம்மாவுக்கும் ஐந்து மகள்களுக்கும் உள்ள பாதுகாப்பு 5,000 பவுண்ட். காலின்ஸ் எலிசபெத்திடம் பெண் கேட்கும்போதே இதை நாசூக்கில்லாமல் சொல்லிக்காட்டுவார்: உன் பங்குக்கு 1,000 பவுண்ட், நான்கு சதவீத வட்டியில், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகு. வட்டியைப் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு 40 பவுண்ட். அதே கதையில் டார்சியின் வருமானம் ஆண்டுக்கு 10,000.

எலிசபெத்தின் நிலைமையே இதுதான் என்றால் சார்லட்டின் நிலைமை எப்படி இருக்கும்? அவள் அப்பா சர் வில்லியம் லூகஸ் பக்கத்து ஊரான மெரிடனில் வியாபாரம் செய்து ஓரளவு சம்பாதித்தவர், மேயராக இருந்தபோது அரசருக்கு வரவேற்புரை வாசித்து நைட் பட்டம் வாங்கினார், பட்டம் வந்ததும் கடையையும் ஊரையும் விட்டுவிட்டு லூகஸ் லாட்ஜ் என்று வீட்டுக்குப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் நிறைய. சார்லட் மூத்தவள், வயது ஏறத்தாழ 27, அழகி இல்லை என்று கதையே நேராகச் சொல்கிறது. அவளுக்குப் பெரிதாகப் பணம் கொடுக்க வீட்டில் வழியில்லை. கல்யாணம் நடக்காவிட்டால் அவளுக்கு இரண்டு வழிகள்தான்: சகோதரர்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருப்பது, அல்லது யாராவது பணக்காரர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. இரண்டாவது வேலையை ஆஸ்டினின் ‘எம்மா’வில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் என்ற பெண் அடிமை வியாபாரத்தோடு சேர்த்துப் பேசுவாள், அவ்வளவு பயம் அதன்மேல்.

இதைச் சொல்வது சார்லட் செய்ததை நியாயப்படுத்துவதற்காக அல்ல. ‘பணத்துக்காக’ என்று நோட்ஸ் சொல்லும்போது பேராசை என்ற வாசனை வருகிறது. சார்லட் கேட்டது ஒரு வீடு. தான் காதல் கனவு காணும் ரகம் இல்லை, வசதியான ஒரு வீடு போதும் என்று எலிசபெத்திடம் அவளே சொல்கிறாள்.

சரி, இப்போது அவள் கல்யாணத்துக்கு முன்னால் என்னென்ன சொன்னாள், அதில் எது நடந்தது என்று பார்க்க வேண்டும். பாத்திரத்தை எடைபோட நான் எப்போதும் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு பாத்திரம் கதையின் தொடக்கத்தில் சொல்வதை நாவலின் முடிவு வரை கொண்டுபோய், கதை அதை உண்மையாக்குகிறதா பொய்யாக்குகிறதா என்று பார்த்தால், ஆசிரியர் அந்தப் பாத்திரத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆறாம் அத்தியாயத்தில் எலிசபெத்தின் அக்கா ஜேனும் டார்சியின் நண்பன் பிங்லியும் பழகுவதைப் பற்றித் தோழிகள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஜேன் தன் மனதை வெளியே காட்டாமல் எல்லோரிடமும் ஒரே மாதிரி சிரித்துப் பேசுவது நல்லதுதான் என்கிறாள் எலிசபெத், ஊர் வம்பு வராது. சார்லட் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் தெரியாமல் மறைப்பது சரி, ஆனால் அதே திறமையோடு அவனிடமும் மறைத்துவிட்டால் அவனையே இழக்க வேண்டி வரும், பெண் தான் உணர்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டுவது நல்லது என்கிறாள். கல்யாணத்தில் சந்தோஷம் என்பது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்று அவள் சொல்வதும் அந்த உரையாடலில்தான். எலிசபெத் சிரித்துத் தள்ளிவிடுகிறாள், நீயே இப்படி நடந்துகொள்ள மாட்டாய் என்கிறாள்.

பிறகு என்ன நடந்தது? பிங்லி லண்டனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. டார்சிதான் தடுத்தான். ஏன் தடுத்தான்? 35ஆம் அத்தியாயத்தில் வரும் கடிதத்தில் அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று, ஜேனைக் கவனித்துப் பார்த்தேன், முகம் மலர்ச்சியாக இருந்தது, ஆனால் பிங்லிமேல் தனியாக ஒரு பிரியம் இருப்பதற்கான அடையாளமே இல்லை என்பது. சார்லட் என்ன நடக்கும் என்று பயந்தாளோ அது அப்படியே நடந்திருக்கிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் எலிசபெத்துக்கு இந்த விஷயத்தில் சார்லட் எப்போதும் சொல்லிவந்தது நினைவுக்கு வருகிறது என்று ஆஸ்டினே எழுதிவைத்திருக்கிறார். நான் குருடாக இருந்தேன், இந்த நிமிஷம் வரை என்னை நானே அறியவில்லை என்று எலிசபெத் உடைந்துபோகும் அதே அத்தியாயம் அது. நாவலின் மிக முக்கியமான பக்கங்களில் சார்லட்டின் பெயர் வந்து நிற்கிறது, நோட்ஸில் இதை நான் பார்த்ததே இல்லை.

டார்சிக்கு எலிசபெத்மேல் ஈடுபாடு இருக்கலாம் என்று எலிசபெத்திடமே சொல்லிப்பார்த்ததும் சார்லட்தான். பிங்லி தங்கியிருந்த நெதர்ஃபீல்ட் மாளிகையில் நடந்த நடனத்தின்போது, விக்கம்மேல் உள்ள மயக்கத்தில் அவனைவிடப் பத்து மடங்கு பெரிய மனிதனைப் பகைத்துக்கொள்ளாதே என்று காதில் சொல்கிறாள். பிறகு காலின்ஸ் பாதிரியாராக இருக்கும் ஹன்ஸ்ஃபோர்டில் டார்சி தனியாக வந்து எலிசபெத்தோடு உட்கார்ந்துவிட்டுப் போனதைப் பார்த்து, உன்மேல் காதல் இல்லாமல் இவன் இப்படி வரமாட்டான் என்கிறாள், பிறகும் ஒன்றிரண்டு தடவை அதையே சொல்லிப்பார்க்கிறாள். எலிசபெத் மறுபடியும் சிரிக்கிறாள். இந்த நாவலில் மற்றவர்களை மிகச் சரியாகப் படிக்கும் ஆள் சார்லட் என்று நான் தைரியமாகச் சொல்வேன், எலிசபெத்தின் அப்பா மிஸ்டர் பென்னட்டைவிடவும்.

இப்போது 22ஆம் அத்தியாயம். நோட்ஸ் எல்லாம் வழுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எலிசபெத் மறுத்து மூன்று நாள் ஆவதற்குள் காலின்ஸ் சார்லட்டிடம் பெண் கேட்டு, அவளும் சம்மதிக்கிறாள். மாடி ஜன்னலிலிருந்து அவர் வருவதைப் பார்த்துவிட்டு, தற்செயலாகச் சந்திப்பதுபோல் தெருவுக்கு இறங்கிப் போகிறாள். வசதியான வாழ்க்கை ஒன்றை அமைத்துக்கொள்ளும் தூய, தன்னலமற்ற ஆசையால் மட்டுமே அவள் சம்மதித்தாள் என்று கதைசொல்லி சொல்கிறார். இது குத்தல்தான், மறுக்கவில்லை. சார்லட்டைக் குறைசொல்பவர்கள் இந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பத்திக்குப் போனால் குரலே மாறுகிறது. அவளுக்கு ஆண்களைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை, ஆனால் படித்த, பணமில்லாத பெண்ணுக்கு மரியாதையான ஒரே வழி கல்யாணம்தான், அது சந்தோஷம் தருமோ தராதோ, வறுமை வராமல் காக்கும் வழிகளில் அதுவே நல்லது என்கிறது அந்த இடம். இதில் குத்தல் எங்கே இருக்கிறது? நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

இந்த வரிகளைச் சொல்வது யார் என்பதுதான் கேள்வி. ஆஸ்டினின் கதைசொல்லும் முறையில் கதைசொல்லியின் குரல் சட்டென்று பாத்திரத்தின் மனதுக்குள் இறங்கிவிடும், ‘என்று அவள் நினைத்தாள்’ என்ற வால்கூட இருக்காது. படர்க்கையில்தான் எழுதியிருக்கும், ஆனால் எண்ணம் பாத்திரத்துடையது. அந்தப் பகுதியின் முன்பாதி சார்லட் தனியாக உட்கார்ந்து யோசிப்பது, காலின்ஸ் அறிவாளியும் இல்லை, இனிமையானவரும் இல்லை, அவர் பழக்கமே சலிப்பு, அவர் காட்டும் அன்பும் கற்பனைதான் என்று அவள் தெளிவாகவே கணக்குப் போடுகிறாள். பின்பாதியில் அந்த எண்ணம் மெல்ல விரிந்து, அந்தக் காலத்துப் பெண்களின் நிலைமையைப் பற்றிய பொதுவான வாக்கியமாக ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் சார்லட் பேசுகிறாளா கதைசொல்லி பேசுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாதபடி எழுதியதுதான் ஆஸ்டினின் கெட்டிக்காரத்தனம். குத்தலோடு தொடங்கிய கதைசொல்லி இந்த வாக்கியத்துக்கு வரும்போது அவளோடு சேர்ந்து நிற்கிறார்.

அதே அத்தியாயத்தில் கேலிக்கு ஆளாகிறவர்கள் யார் என்று கவனியுங்கள். சார்லட்டின் அம்மா, மிஸ்டர் பென்னட் இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பார் என்று முன்பு எப்போதும் இல்லாத அக்கறையோடு கணக்குப் போடுகிறார். தங்கைகளுக்கு, அக்கா போய்விட்டால் நாமும் ஒன்றிரண்டு வருஷம் முன்னதாகவே விருந்துகளுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை. தம்பிகளுக்கு, அக்கா கிழவியாகி வீட்டிலேயே செத்துப்போவாளோ என்ற கவலை தீர்ந்தது. இத்தனை பேரும் இவள் போய்த் தொலையட்டும் என்று காத்திருந்த வீட்டில் 27 வயது வரை ஒரு புத்திசாலிப் பெண் எப்படி வாழ்ந்திருப்பாள்? ஆஸ்டின் அதை விவரிக்கவில்லை. இந்த மூன்று வரியே போதும் என்று விட்டுவிட்டார்.

சரி, எலிசபெத்தின் தீர்ப்புக்கு வருவோம். காலின்ஸைக் கட்டிக்கொள்கிறவளுக்கு ஒழுங்கான சிந்தனை இருக்க முடியாது என்று அக்கா ஜேனிடம் கொதிக்கிறாள். ஜேன் பொதுவாக எல்லோரையும் நல்லவர்கள் என்று சொல்பவள் என்பதால் அவள் பதிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவள் சொல்வது கனமான பதில்: ஆளுக்கு ஆள் சூழ்நிலையும் சுபாவமும் வேறு, அதற்கு நீ இடம் கொடுக்க மாட்டேன் என்கிறாய், அவள் பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பத்துப் பெண் என்பதை நினைத்துப் பார்.

இதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதுவரை எலிசபெத்திடம் நெருங்கிப் பேசிக்கொண்டிருந்த விக்கம் திடீரென்று மிஸ் கிங் என்ற பெண்ணின் பின்னால் போகிறான். காரணம், அவளுக்குத் திடீரென்று 10,000 பவுண்ட் வந்திருக்கிறது. பணத்துக்காகக் கல்யாணம் என்றால் இதுதான் அது, சந்தேகமே இல்லை. எலிசபெத் என்ன செய்கிறாள்? கோபப்படவில்லை. அழகான இளைஞர்களுக்கும் வாழ வழி வேண்டாமா என்று அத்தை கார்டினருக்கு எழுதுகிறாள். பிறகு லண்டனில் அத்தை நேரில் கேட்கும்போது, விவேகத்துக்கும் பேராசைக்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று எதிர்க்கேள்வி போடுகிறாள். சார்லட்டுக்குக் கொடுக்காத சலுகை விக்கமுக்குக் கிடைக்கிறது. ஆஸ்டின் இதை நம் ஊகத்துக்கும் விடவில்லை: சார்லட் விஷயத்தில் இருந்த தெளிவான பார்வை இவன் விஷயத்தில் எலிசபெத்துக்கு அந்த அளவு இல்லை போலும் என்று 26ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லி நேராகவே சொல்கிறார். இந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்லட்டைப் பற்றிய தீர்ப்பு சரி, விக்கமைப் பற்றியதுதான் தப்பு என்று ஒருவர் வாதிடலாம், வாக்கியம் அதற்கும் இடம் கொடுக்கிறது. நான் படிக்கும் விதம் வேறு: ஒரே தராசை இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை என்பதை ஆசிரியரே காட்டிக்கொடுத்த பிறகு, அந்தத் தராசையே நம்பி எழுதிய நோட்ஸ் நிற்காது.

அப்புறம் ஹன்ஸ்ஃபோர்ட். ஜனவரியில் கல்யாணம் முடிந்து, மார்ச்சில் எலிசபெத் அந்த ஊர் இருக்கும் கென்ட்டுக்குப் போகிறாள். தோழி துன்பப்படுவதைப் பார்க்கப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பு அவளுக்கு உண்டு, நமக்கும் உண்டு. அங்கே பார்ப்பது என்ன? ஒழுங்கான வீடு, சின்ன வீடுதான், ஆனால் ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில். காலின்ஸை மறந்துவிட்டால் வீடு முழுக்க ஒரு வசதி தெரிந்தது, சார்லட் அதை அனுபவிப்பதைப் பார்த்தால் அவரை அடிக்கடி மறந்துவிடுகிறாள் போலிருக்கிறது என்று எலிசபெத் நினைத்துக்கொள்கிறாள். காலின்ஸ் தோட்ட வேலை செய்வதை சார்லட் ஊக்குவிக்கிறாள், உடம்புக்கு நல்லது என்று முகம் மாறாமல் சொல்கிறாள். பெண்கள் உட்காரும் அறை வீட்டின் பின்பக்கம் இருப்பது முதலில் எலிசபெத்துக்குப் புரியவில்லை, முன்னால் இருக்கும் சாப்பாட்டு அறைதானே பெரியது, பார்க்கவும் இனிமையானது? பிறகு புரிகிறது. அந்த நல்ல அறையில் இவள் உட்கார்ந்தால் காலின்ஸ் தன் அறையை விட்டு இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு பெண் தன் கணவனிடமிருந்து தினமும் சில மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வீட்டையே திட்டம்போட்டு அமைத்திருக்கிறாள். சண்டை இல்லை, புகார் இல்லை. பாத்திரத்தைப் படிக்க அவர்கள் பேச்சைவிட இப்படிப்பட்ட ஏற்பாடுகள் உதவும். யார் எந்த அறையில் உட்காருகிறார்கள், எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதை ஆஸ்டின் சும்மா எழுதுவதில்லை. 

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நோட்ஸ்மேல் உள்ள கோபத்தில் எதிர்ப்பக்கம் ஓடிவிடாதீர்கள். சார்லட்டை முன்னோடிப் பெண்ணியவாதியாகவோ, எல்லாவற்றையும் வென்றவளாகவோ எழுதினால் அதுவும் பாதிதான். காலின்ஸ் அசட்டுத்தனமாகப் பேசும்போது ஒன்றிரண்டு தடவை அவள் முகத்தில் லேசாக ஒரு சிவப்பு ஓடுகிறது, பெரும்பாலும் காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறாள் என்று கதை சொல்கிறது. அவளுக்கு எல்லாம் தெரிகிறது, வெட்கமாகவும் இருக்கிறது, அதை விழுங்குகிறாள். எலிசபெத் கிளம்பும்போது வீடு, வீட்டு நிர்வாகம், திருச்சபை வட்டாரம், வளர்க்கும் கோழிகள் இவற்றின் கவர்ச்சி அவளுக்கு இன்னும் தீர்ந்துபோகவில்லை என்று வருகிறது. அந்த ‘இன்னும்’ என்ற சின்னச் சொல்லில் ஒரு நாள் தீர்ந்துபோகலாம் என்பதும் இருக்கிறது. அன்றைய சட்டப்படி அந்தக் கல்யாணத்திலிருந்து வெளியே வர அவளுக்கு வழியும் இல்லை. மறுமணம் செய்யக்கூடிய முழு விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை இங்கிலாந்தில் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும், பெண்களுக்கு அது கிட்டத்தட்டக் கிடைத்ததே இல்லை.

அவள் கணக்குப் பார்ப்பதை நிறுத்துவதும் இல்லை. எலிசபெத்துக்கு டார்சி நல்லதா, அவன் உறவினன் கர்னல் ஃபிட்ஸ்வில்லியம் நல்லதா என்று யோசிக்கும்போது, பழக இனிமையானவர் கர்னல்தான், ஆனால் திருச்சபைப் பதவிகளைக் கொடுக்கும் செல்வாக்கு டார்சிக்குத்தான் இருக்கிறது என்று அவள் மனம் போகிறது. அதாவது பாதிரியாரான தன் கணவனுக்கு உதவும். தோழியின் நன்மையையும் தன் வீட்டு நன்மையையும் ஒரே மூச்சில் நினைக்கிறாள். இதை மறைத்துவிட்டு அவளைப் புகழ்வது நேர்மையில்லை. அப்புறம், அந்த நட்பில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது, கல்யாணத்துக்குப் பிறகு கடிதங்கள் வந்துபோனாலும் பழைய நெருக்கம் திரும்பவில்லை என்று எலிசபெத் உணர்கிறாள். அந்த இழப்பு இருவருக்கும்தான்.

கருப்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘காதலா பணமா’ என்று வைத்துக்கொண்டால் நாவலே அதை ஏற்காது. மிஸ்டர் பென்னட் கட்டிக்கொண்டது பணத்துக்காக அல்ல, இளமையையும் அழகையும் பார்த்து மயங்கித்தான், அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று 42ஆம் அத்தியாயம் சொல்கிறது: மரியாதை, நம்பிக்கை எல்லாம் போய், மனைவியின் அறியாமையைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவருக்கு மிச்சம். எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா ஆசைப்பட்ட விக்கமோடு ஓடிப்போகிறாள், அவனுக்குப் பணம் கொடுத்துத்தான் தாலி கட்ட வைக்க வேண்டியிருக்கிறது. எலிசபெத்துக்குக் கிடைத்தவன் காதலும் உள்ளவன், ஆண்டுக்கு 10,000 பவுண்டும் உள்ளவன். எலிசபெத் கொள்கைக்காகக் காலின்ஸை மறுத்தாள், அது உண்மை, அதற்கு அவளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கொள்கைக்கு விலை கொடுக்க வேண்டிய நாள் அவளுக்கு வரவே இல்லை, டார்சி வந்துவிட்டான். சார்லட்டுக்கு யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்கே தெரியும். அதனால்தான் சார்லட் கதையில் தேவைப்படுகிறாள் என்று நினைக்கிறேன். எலிசபெத் எவ்வளவு சரி என்பதைக் காட்ட வந்தவள் என்பதைவிட, எலிசபெத்துக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் என்பதைக் காட்ட வந்தவள். கல்யாணத்தில் சந்தோஷம் அதிர்ஷ்டம்தான் என்று ஆறாம் அத்தியாயத்தில் சார்லட் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, சார்லட் காலின்ஸைக் கட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் எலிசபெத் கென்ட்டுக்கே போயிருக்க மாட்டாள். டார்சி முதல் தடவை தன் காதலைச் சொல்வது சார்லட்டின் வீட்டில் வைத்துத்தான்.

ஆஸ்டினின் சொந்த வாழ்க்கையைச் சேர்க்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். சேர்க்கலாம், ஆனால் அளவோடு. 1802 டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்ற, சொத்துள்ள குடும்பத்து இளைஞர் ஆஸ்டினிடம் கல்யாணம் பேசினார். மாலையில் சம்மதித்த ஆஸ்டின் மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். அந்த மாதம்தான் அவருக்கு 27 வயது நிறைந்தது. 1805-ல் அப்பா இறந்த பிறகு அவரும் அம்மாவும் அக்காவும் சகோதரர்களின் உதவியை நம்பித்தான் வாழ்ந்தார்கள், 1809-ல் சாட்டனில் ஒரு சகோதரர் வீடு கொடுத்த பிறகுதான் நிலையாக உட்கார்ந்து எழுத முடிந்தது. 1813-ல் வெளியான இந்த நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார். சார்லட் எடுத்த முடிவை எடுக்காத ஒருவர், அந்த முடிவின் மறுபக்கத்தில் வாழ்ந்துகொண்டு எழுதிய பாத்திரம் இது. அண்ணன் மகள் ஃபேனிக்கு 1814-ல் எழுதிய கடிதத்தில், அன்பில்லாமல் கல்யாணம் செய்துகொள்வதைவிட வேறு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார். அதே பெண்ணுக்கு 1817-ல் எழுதும்போது, தனியாக இருக்கும் பெண்கள் ஏழையாகிப்போவது பயங்கரமாக நடக்கிறது, கல்யாணத்துக்குச் சாதகமான வலுவான வாதம் அது என்கிறார். முதல் கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டி ஆஸ்டின் எலிசபெத் பக்கம் என்று முடிப்பவர்கள் உண்டு, இரண்டாவதையும் பக்கத்தில் வைத்தால் அந்த முடிவு நிற்காது. ஆசிரியரின் கடிதம் நாவலுக்கு விடைத்தாள் இல்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

பரீட்சையில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடுமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். எந்த அத்தியாயத்தில், யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று காட்டி எழுதினால் போகாது. ‘சார்லட் பாவம்’ என்றோ ‘சார்லட் சுயநலக்காரி’ என்றோ தொடங்காதீர்கள், விக்கம்–மிஸ் கிங் விஷயத்திலிருந்து தொடங்குங்கள், எலிசபெத்தின் இரட்டை அளவுகோலைக் காட்டுங்கள், பிறகு 22ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள், ஹன்ஸ்ஃபோர்டின் அறைகளைக் கட்டாயம் சொல்லுங்கள். எதிர்நிலைப் பாத்திரம் என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, இருவரும் எதிரெதிர்தான், ஆனால் அந்த எதிர்நிலையால் கேள்விக்கு ஆளாவது சார்லட் மட்டும் அல்ல, எலிசபெத்தும்தான் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் ‘எம்மா’வில் மிஸ் பேட்ஸ் வரும் பகுதிகளைப் படியுங்கள். கல்யாணம் ஆகாமல், பணம் இல்லாமல், வயதான அம்மாவோடு வாடகை அறைகளில் வாழ்ந்துகொண்டு, அக்கம்பக்கத்தார் அனுப்பும் பன்றிக்கறிக்கும் ஆப்பிளுக்கும் ஓயாமல் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் பெண் அவள். பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் எம்மா அவளை எல்லோர் முன்னாலும் கேலி செய்துவிடுகிறாள். அதற்காக எம்மாவின் நண்பர் நைட்லி அவளைக் கடிந்துகொள்ளும்போது, மிஸ் பேட்ஸைப் பற்றி, அவள் ஏழை, பிறந்தபோது இருந்த வசதியிலிருந்து இறங்கிவிட்டாள், வயதாக வயதாக இன்னும் இறங்குவாள் என்று காரணம் சொல்கிறார். சார்லட் மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போனது எதிலிருந்து தப்பிக்க என்பதை அந்தப் பக்கங்கள் சொல்லும்.